வீட்டு மனை மண்ணில் கெமிக்கல்: சிப்காட்டா, லாரியில் வந்த மண்ணா?

முதுநகர்க்காரன்:
கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பள்ளமான மனை என்பதால் 2018-ல் மண் அடித்து மேடாக்கித்தான் கட்டினோம். பின்பக்க மூலையில் அம்மா மூன்று தடவை முருங்கைப் போத்து நட்டார். மூன்றும் துளிர்த்த கொஞ்ச நாளிலேயே கருகிவிட்டன. மழை விட்டு வெயில் அடித்தால் அதே மூலையில் பெயிண்ட் தின்னர் வாடை. போன மாதம் ஒரு தனியார் ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். குரோமியமும் துத்தநாகமும் அதிகம் என்று வந்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? தெருவே கையெழுத்துப் போட்டு கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். மனுவில் வேறு என்ன சேர்க்கலாம்?

கேப்பர்மலை:
தம்பி, மனு அவசியம் கொடுங்கள். ஆனால் சிப்காட்தான் காரணம் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம். அதோடு ஒட்டிக்கொண்டு இயற்கையாகவே கொஞ்சம் குரோமியமும் இருக்கும். மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று ஒரு எண்ணை மட்டும் காட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி: மாசுபடாத இடத்தில் இதே வகை மண்ணில் எவ்வளவு? அந்த ஒப்பீட்டு மண்ணை எடுத்தீர்களா? எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள்? நாலைந்து இடத்து மண்ணை ஒரே பையில் கலந்து கொடுத்திருந்தால் மோசமான இடத்தின் அளவு மற்ற மண்ணோடு சேர்ந்து கரைந்து போயிருக்கும்.

துறைமுகத்துப் பெண்:
அண்ணா, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் "இன்னும் நிரூபணம் ஆகவில்லை" என்ற பேச்சைக் கேட்டே எங்கள் ஊரில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கடலூருக்கு மாசுக் குறியீட்டில் 77.45 மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசடைந்த பகுதி. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறவர்களிடம் போய் ஒப்பீட்டு மண் எங்கே என்று கேட்பீர்களா? 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும், தன் தொழிலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துகிறவருடையது என்றது. அந்தச் சுமையைத் தூக்கி முருங்கை நட்ட அம்மாவின் தலையில் வைக்காதீர்கள்.

கேப்பர்மலை:
சுமை அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் "அவர்கள்" என்றால் யார்? சிப்காட் ஒரே கம்பெனி இல்லையே. பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். பொதுவாக எழுதினால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் கை காட்டுவார்கள், ஃபைல் சுற்றிக்கொண்டே இருக்கும். தம்பி, உங்கள் மண்ணுக்கே வாருங்கள். விஷம் எந்த வழியாக வந்தது என்பதை அது பரவியிருக்கிற விதமே காட்டிக்கொடுக்கும். புகையில் வந்து படிந்தது என்றால் மேல் மண்ணில் அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் இருக்கும். ஆலையிலிருந்து காற்று வீசுகிற திசையில் தள்ளிப் போகப்போகத் தேயும். வெள்ளத்தில் வந்தது என்றால், 2015-லும் 2024 டிசம்பரிலும் பார்த்தோமே, அந்த மாதிரி நைசான வண்டல் தெரு முழுக்கப் படிந்திருக்கும். வெள்ளத்துக்குக் காம்பவுண்டு சுவர் ஒரு கணக்கே இல்லை. நிலத்தடி நீரோடு வந்தது என்றால் ஈரம் நிற்கிற ஆழத்தில் அதிகமாக இருக்கும், பக்கத்து போர் தண்ணீரிலும் தெரியும். லாரியில் வந்தது என்றால் நடுவில் ஒரு பட்டையாக இருக்கும், மண் அடித்த எல்லையோடு நின்றுவிடும். உங்கள் மனையை மேடாக்கிய மண் எங்கிருந்து வந்தது?

முதுநகர்க்காரன்:
கிராவல் என்று சொல்லித்தான் டிப்பரில் கொண்டுவந்து கொட்டினார்கள். எந்தக் குவாரி என்று அப்பாவும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கடைசி சில லோடு ராத்திரியில் வந்தது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

வில்லியனூர்:
புதுச்சேரியிலும் இதே கதைதான். ஏரி, குளம், பள்ளம் எதுவானாலும் கையில் கிடைத்ததைக் கொட்டி நிரவி பிளாட் போட்டுவிடுகிறார்கள். அந்த மண்ணை முதலில் ஒரு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறதே போதும். மணல் என்றால் முனை முனையாகத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருந்தால் பாசிமணி மாதிரி உருண்டை உருண்டையாகக் கண்ணாடித் துளிகள் தெரியும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

முதுநகர்க்காரன்:
நேற்று கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே நான்கு விரல் கனத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் பட்டை. கட்டி கட்டியாக வந்தது, விரலால் நசுக்கினால் பிசுபிசுத்தது. வாடை அங்கிருந்துதான் வருகிறது. நடுவில் நைந்துபோன பிளாஸ்டிக் கோணித் துண்டு ஒன்று. அதற்கும் கீழே பழைய களிமண், கறுப்பு, ஈரம். அதில் வாடை இல்லை.

கேப்பர்மலை:
அப்படியென்றால் காற்றையும் வெள்ளத்தையும் விட்டுவிடலாம். அது கொட்டப்பட்ட பட்டை. துத்தநாகமும் குரோமியமும் ஜோடியாக, கூடவே தின்னர் வாடை, மஞ்சள் நிறம்: எனக்குப் பெயிண்ட் கழிவு மேல்தான் சந்தேகம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற மஞ்சள் பிரைமரில் துத்தநாகக் குரோமேட் உண்டு. ஆனால் முலாம் பூசுகிற பட்டறைக் கழிவிலும் இரண்டு உலோகமும் வரும். எது என்று இரண்டின் விகிதமும் கரைப்பானின் வகையும்தான் சொல்லும். இனி வெறும் கையால் அதைத் தொடாதீர்கள் தம்பி. தொட்ட கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துறைமுகத்துப் பெண்:
சரி, லாரி என்றே வைத்துக்கொள்வோம். லாரி தானாக விஷத்தை விளைவிக்குமா? ஏதோ ஒரு ஆலையின் வாசலைத் தாண்டித்தானே அது வந்திருக்கிறது! அபாயக் கழிவு எங்கே உருவாகி, எந்த வண்டியில் ஏறி, எங்கே போய் இறங்கியது என்று ஒவ்வொரு நடைக்கும் சீட்டு எழுத வேண்டும் என்பது சட்டம். நீங்கள் "சிப்காட் இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிற அவசரத்தில் அந்தச் சீட்டைக் கேட்கவே மறந்துவிடுகிறீர்கள். மண்ணைத் தோண்டுகிற மாதிரியே காகிதத்தையும் தோண்ட வேண்டும், அண்ணா.

கேப்பர்மலை:
சிப்காட் இல்லை என்று நான் சொல்லவில்லை அம்மா. ஆனால் சீட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 2018-ம் வருடத்துச் சீட்டுகளைக் கேட்கலாம். ராத்திரி லோடு எழுதாமலே வந்திருக்கலாம்தான், ஆனாலும் எழுதியதற்கும் உற்பத்திக்கும் இடையில் இடிக்கிற கணக்கு ஏதாவது ஒரு இடத்தில் தெரியும்.

துறைமுகத்துப் பெண்:
அப்புறம் இன்னொன்று. அறுமதிப்புக் குரோமியம், அதாவது குரோமியத்திலேயே விஷம் அதிகமான வகை, இல்லை என்று அறிக்கை வந்தால், "பார்த்தீர்களா, இயற்கைக் குரோமியம்தான்" என்பார்கள். அப்போது என்ன சொல்வீர்கள்?

கேப்பர்மலை:
நல்ல கேள்வி. அறுமதிப்புக் குரோமியம் பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்குதான். ஆனால் மண்ணில் மக்கும் பொருளும் ஈரமும் இருந்தால் நாளாவட்டத்தில் விஷம் குறைந்த மும்மதிப்பு வகையாக மாறிவிடும். அதனால் இப்போது அது இல்லை என்பதை வைத்து யாரையும் விடுவிக்க முடியாது. பட்டையிலும், மேல் செம்மண்ணிலும், கீழ்க் களியிலும் குரோமியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். பட்டையில் மட்டும் எகிறினால் இயற்கை என்ற வாதம் நிற்காது.

வில்லியனூர்:
2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், ஆராய்ந்து உறுதியானால் சுத்தப்படுத்தும் செலவு மாசுபடுத்தியவருடையது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

முதுநகர்க்காரன்:
மனுவை மாற்றி எழுதிவிட்டேன். சிப்காட் பெயர் இருக்கிறது, ஆனால் குற்றம் சாட்டி இல்லை; அங்கிருந்து வெளியேறிய கழிவின் சீட்டுகளைக் கேட்டு. பெயிண்ட், முலாம் பட்டறைகளின் கணக்கையும் கேட்டிருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் மனையிலும், அதே டிப்பர்காரர் மண் அடித்த இரண்டு வீடுகளிலும், மண்ணே அடிக்காத கோயில் திடலிலும் குழி வெட்டுகிறோம். கையுறை வாங்கியாயிற்று. வாடைப் பட்டைக்குக் கண்ணாடி பாட்டிலில் காற்று நிற்காமல் விளிம்பு வரை அடைத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், உலோகத்துக்குப் பிளாஸ்டிக் பை போதும் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். மூடி இறுக்கமான பாட்டில் இன்னும் எட்டு வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?

துறைமுகத்துப் பெண்:
என்னிடம் ஆறு இருக்கிறது. கொண்டுவருகிறேன்.