விடுதி நிர்வாகத்தின் சட்டப் பொறுப்புக் குறித்து ஆலோசனை வேண்டும்

வணக்கம். உப்புவெளியில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர், 1980களில் விடுதியொன்றில் தங்கிப் படித்தபோது அங்கிருந்த மேற்பார்வையாளரால் துன்புறுத்தப்பட்டார் என்பதை, அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அந்த மேற்பார்வையாளர் இறந்துவிட்டார். ஆகவே எங்கள் கேள்வி நிர்வாகத்தைப் பற்றியது.

இலங்கையின் 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி (வழக்குத் தொடுப்பதற்கான கால எல்லையை வரையறுக்கும் சட்டம்) இத்தகைய நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் அவர் பராயமடைந்த பின்னரே அக்காலம் ஓடத் தொடங்கும் என்பதும் தெரியும். அப்படிக் கணக்கிட்டாலும் அது எப்போதோ கடந்துவிட்டது. (அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இவ்வரையறையை 2015இல் நீக்கியது, இங்கே அது உதவாது.) முறைப்பாட்டை நிர்வாகம் அறிந்தே மறைத்ததற்குக் கடிதம் இருந்தால் வழி உண்டா? நிர்வாகம் கைமாறியிருப்பின் பொறுப்பும் கைமாறுமா? திருகோணமலையில் இவ்விடயத்தில் அனுபவமுள்ள சட்டத்தரணிகளை அறிந்தோர் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். விடுதியின் பெயரைத் தயவுசெய்து இங்கே கேட்க வேண்டாம்.