கோழிக்கருவில் உயிர்வினைக் கண்ணாடிப் பீங்கான் சாரங்கள்: சவ்வுச் சோதனை எலும்பு வளர்ச்சிக்குச் சான்றாகுமா?

வினா (ஆய்வு மாணவி, பொருள் அறிவியல்)

வணக்கம். 45எஸ்5 என்னும் உயிர்வினைக் கண்ணாடித் தூளின் குழம்பில் பாலியூரித்தேன் நுரையைத் தோய்த்து, நுரையை எரித்து நீக்கி, உயர் வெப்பத்தில் சுட்டு, நுண்துளைச் சாரங்களை (திசு பற்றி வளர்வதற்கான தாங்கு சட்டங்களை) தயாரித்திருக்கிறேன். செயற்கை உடல்திரவத்தில் ஊறவைத்தபோது அவற்றின் மேல் அபடைட் (எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்) படலம் உருவானது. எலி, முயல் சோதனைகளுக்கு முன்பாகக் கோழிக்கருவின் கோரியோஅலன்டாயிக் சவ்வில் (முட்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிய, இரத்தக்குழாய்கள் நிறைந்த சவ்வில்) வைத்துப் பார்க்குமாறு நெறியாளர் கூறுகிறார். சாரத்தினுள் கால்சியம் படிந்திருப்பதை அலிசரின் சிவப்புச் சாயத்தால் காட்டினால், எலும்பு வளர்ந்தது என்று எழுதலாமா?

மறுமொழி 1

எழுதக் கூடாது. அந்தச் சவ்வு கருவின் மூச்சு உறுப்பு. அதில் எலும்பு கிடையாது. ஓட்டில் சாளரம் திறந்து சாரத்தை வைத்தால், சில நாள்களில் இரத்தக்குழாய்கள் அதை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வளைந்து வருவதைக் காணலாம். சாரத்தைத் திசு ஏற்கிறதா, குழாய்கள் துளைகளுக்குள் நுழைகின்றனவா என்பதற்கு இதைவிட எளிய சோதனை அரிது. ஆனால் அடைகாப்பின் பிற்பாதியில் இதே சவ்வுதான் முட்டையோட்டின் கால்சியத்தைக் கரைத்துக் கருவுக்குக் கொண்டு செல்கிறது என்பதால், அங்கே கால்சியம் தென்படுவது மட்டும் எதையும் நிறுவாது.

மறுமொழி 2

சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45எஸ்5 கண்ணாடியின் எடையில் 24.5 விழுக்காடு கால்சியம் ஆக்சைடு. ஆகவே செல் ஒன்றுகூட இல்லாத சாரமும் அலிசரினில் சிவக்கும். அபடைட் படலம் என்பது வேதியியல் நிகழ்வு, எலும்பு என்பது செல்கள் கொலாஜன் இழைகளை இட்டு, அதில் கனிமத்தைப் படியவைத்து உருவாக்கும் திசு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இத்துறைக் கட்டுரைகளில் என்னை மிகவும் வருத்தும் குறை. கனிமம் நீக்கிய வெட்டுத்துண்டுகளில் கொலாஜனையும், எலும்பு செல்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் புரதத்தையும் காட்டுங்கள். இதே நுரை முறையில், இதே துளை அளவில் செய்த, திசுவுடன் வினைபுரியாத அலுமினாச் சாரத்தையும், எந்தத் திசுவும் சேர்க்காமல் ஊடகத்தில் (திசு வளர்க்கும் ஊட்டத் திரவத்தில்) மட்டும் வைத்த உங்கள் சாரத்தையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

எலும்பைப் பற்றியே கேள்வி எனில், 11ஆம் நாள் கருவின் தொடையெலும்பைப் பிரித்தெடுத்து, ஊடகமும் காற்றும் சந்திக்கும் பரப்பில் வளர்ப்பது பொருத்தமானது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இம்முறையை நன்கு வளர்த்திருக்கிறார்கள். எலும்பின் நடுவே சிறு பகுதியை வெட்டி நீக்கி, அதில் சாரத்தைப் பொருத்தலாம். கண்ணாடியிலுள்ள சோடியம் வேகமாக வெளியேறிக் காரத்தன்மையை உயர்த்தி அருகிலுள்ள செல்களைக் கொன்றுவிடும் என்பதால், சாரத்தை முன்னதாகவே ஊடகத்தில் ஊறவைத்து, ஊடகத்தை மாற்றிவிடுங்கள்.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி. சவ்வுச் சோதனையை இரத்தக்குழாய்களுக்கும், தொடையெலும்பு வளர்ப்பை எலும்புக்கும் எனப் பிரித்துக்கொள்கிறேன். கருவை எந்த நாள் வரை வைத்திருக்கலாம்?

மறுமொழி 1

கோழிக்குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். பிரிட்டனின் சட்டம் கடைசி மூன்றில் ஒரு பகுதியிலுள்ள பறவைக் கருக்களைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாகக் கருதுவதால், அங்குள்ள ஆய்வகங்கள் பல 14ஆம் நாளுக்குள் முடித்துவிடுகின்றன. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முட்டைகளுக்குச் சொல்லிவையுங்கள்.