மறு: மறு: 'டெக் பில்டிங்' ஆட்டத்துக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஸ்டார் ரெல்ம்ஸ் சொல்லித்தர வேண்டும், வெள்ளிக்குள் விதித்தாள் அச்சுக்குப் போயாக வேண்டும். 2014இல் வந்த விண்வெளிப் போர்ச் சீட்டாட்டம் இது. மற்ற சொற்கள் ஒருவழியாக அமைந்துவிட்டன, ஆட்டத்தின் வகையைச் சொல்லும் 'டெக் பில்டிங்' மட்டும் பிடிபடவில்லை.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்கத்தில் ஆளுக்குப் பத்துச் சீட்டு: எட்டு சாரணர், இரண்டு விரியன். சாரணர் ஒரு வணிகம் தரும், விரியன் ஒரு தாக்குதல். முறைக்கு ஐந்து சீட்டு எடுத்து, கிடைத்த வணிகத்தைக் கொண்டு நடுவில் விரித்திருக்கும் ஐந்தில் கப்பலோ தளமோ வாங்கலாம். வாங்கியது உடனே கைக்கு வராது, கழித்த சீட்டுகளோடு போய்ச் சேரும்; எடுக்கச் சீட்டு தீர்ந்து அந்தக் குவியலைக் கலைத்துப் போட்ட பிறகுதான் வரும். ஆளுக்கு 50 செல்வாக்குப் புள்ளி; தாக்குதலால் எதிராளியின் புள்ளி முழுவதையும் தீர்ப்பவர் வென்றார். ஆக, ஆட ஆடக் கட்டு மாறிக்கொண்டே இருக்கிறது, சொல்லில் வரவேண்டியது அதுதான்.

> டெக் என்றால் கப்பலின் தளம்தானே, 'தளம் கட்டும் ஆட்டம்' எனலாமே?

இங்கே டெக் சீட்டுக்கட்டு, ஐயா. தளச் சீட்டு என்று ஆட்டத்தில் தனியாகவே ஒன்று இருக்கிறது, தளம் கட்டினால் போதும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

> வளர்கட்டு. வளர்பிறை மாதிரி வினைத்தொகை, முக்காலமும் அடக்கம், வல்லினமும் மிகாது.

காதுக்கு இனிமைதான். ஆனால் கட்டு வளர்ந்தால் மட்டும் வெற்றி வராது. சிவப்புச் சீட்டுக் கூட்டத்தாரின் பலமே உதவாத சாரணர்களை ஆட்டத்தை விட்டே நீக்குவதில் இருக்கிறது. இருபது வணிகக் கப்பலுக்கு நடுவே ஒரு போர்க்கப்பல் மாட்டிக்கொண்டால் அது கைக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 'வளர்' என்று தலைப்பிட்டால் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பார்கள்.

———

தம்பி,

அப்படியானால் 'கட்டாட்டம்' போதுமே. கள் என்ற வினைக்குக் களையெடுத்தல் என்று பொருள், 550ஆம் குறளில் 'களைகட்டது' அந்த வழியில் வந்ததுதான். கட்டு என்ற சொல்லில் சேர்ப்பதும் இருக்கிறது, களைவதும் இருக்கிறது. சீட்டை நீக்குவதற்கும் 'களை' என்றே வையுங்கள். எதிராளியைத் தாக்கவிடாமல் மறித்து நிற்கும் தளச் சீட்டான அவுட்போஸ்ட்டுக்கு 'மிளை'. கோட்டையைச் சுற்றியிருந்த காவற்காட்டுக்குச் சங்கப் பாட்டிலேயே இருக்கும் பெயர், இதைவிடப் பொருத்தம் ஏது?

———

ஐயா, வணக்கம்.

கேள் 'கேட்டது' ஆனதுபோலக் கள் 'கட்டது' ஆனது. சீட்டுக்கட்டின் கட்டு வேறு வேர், இரண்டையும் முடிச்சுப் போட இலக்கணம் இடம் தராது. 'களை'யும் வேண்டாம். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது கலை, களை இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. கலைத்த சீட்டு திரும்பி வரும், களைந்த சீட்டு வரவே வராது. ஒரு எழுத்தில் ஆட்டமே மாறிவிடும். 'அகற்று' என்று எழுதுங்கள். மிளைக்கு உரையாசிரியர் வேண்டும், அரணுக்கு வேண்டாம், 742ஆம் குறள் படித்த பிள்ளைக்குத் தெரியும். அரண் நிற்கும்வரை எதிராளியைத் தாக்க முடியாது என்ற விதியும் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

வகைப் பெயரை மட்டும் 'டெக் பில்டிங்' என்றே தமிழெழுத்தில் போடலாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் கைபேசிச் செயலியில் அந்தப் பெயரில்தான் தேடப்போகிறார்கள்.

———

எல்லோருக்கும் நன்றி. அரண், அகற்று இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வகைப் பெயருக்குத் தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'கட்டாக்கம்' பக்கம்தான் அதிகம் பேர். சேர்ப்பது, நீக்குவது இரண்டையும் ஆக்கம் தாங்கும். நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'டெக் பில்டிங்' அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

———

நான் உடன்படவில்லை, பதிவாகட்டும் என்று எழுதுகிறேன். 1993இல் வந்த மேஜிக் என்ற சீட்டாட்டத்தில் வீட்டிலேயே கட்டைச் சேர்த்துக்கொண்டு ஆட வருகிறார்கள், அதுவும் கட்டாக்கம்தானே? ஆட்டத்துக்கு நடுவில் கட்டை உருவாக்குவதையே ஆட்டமாக்கியது 2008இல் வந்த டொமினியன் என்ற சீட்டாட்டம். ஸ்டார் ரெல்ம்ஸ் அந்த வழியில் வந்தது. இந்த வேறுபாடு 'கட்டாக்க'த்தில் எங்கே இருக்கிறது? 'வளர்' தவறு என்றால் வேறு வினை தேடுவோம், 'மாறுகட்டு' என்றாவது வையுங்கள், வினைத்தொகையை விட்டுவிடாதீர்கள். இந்த வாரம் அச்சுக்குப் போகட்டும், விதித்தாளின் அடுத்த பதிப்புக்கு இதே இழையில் மறுபடி கேட்பேன்.