கட்டியா, கணுவா, முடிச்சா?

நண்பர்களே, நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் தைராய்டு ‘நாடியூல்’ என்பதற்கு என்ன தமிழ் வைப்பது என்பது பற்றி இது.

கழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டே வருகிறதே என்று அத்தையை மும்பை செம்பூரில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டு மராத்தியில் ‘காட் ஆஹே’ என்றார். காட் என்றால் முடிச்சும்தான், கட்டியும்தான். மாட்டுங்காவிலேயே நரைத்த அத்தைக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் காதில் கட்டி என்றுதான் விழுந்திருக்கிறது, கட்டி என்றால் நம்மாட்களுக்குப் புற்றுநோய், வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. தைராய்டில் வருபவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்றே இல்லை. அதனால் நம் பட்டியலில் ‘தைராய்டு கட்டி’ வேண்டாம், ‘கணு’ என்று வைப்போம். கரும்பில் இருப்பதுதானே, யாரும் பயப்பட மாட்டார்கள்.

அப்புறம் அந்த ஊசிச் சோதனை. டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தச் சோதனை சரியாக இருந்தது, ஆனால் ஸ்கேனில் டைராட்ஸ் (புற்றாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்குப் போடும் தரம்) 4, அளவு 1.8 செ.மீ.; அந்த வகையில் 1.5 தொட்டாலே ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தம் எடுப்பதைவிட மெல்லிய ஊசி, எச்சில் விழுங்காமல் இருக்கச் சொல்லி ஸ்கேனைப் பார்த்தபடியே குத்தி, வந்த சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துத் தேய்த்தார்கள். வருவது செல்கள் மட்டும், சதைத் துண்டு இல்லை. நாம் ‘திசுச் சோதனை’ என்று போட்டிருப்பது தப்பு. ‘நுண்ணூசிச் செல்லாய்வு’ சரியா?

—

அண்ணா, கணு ஒத்துவராது. நிணநீர்க் கணு (லிம்ப் நோட்) ஏற்கெனவே இருக்கிறது, கழுத்து ஸ்கேன் அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும், படிப்பவர் குழம்பிவிடுவார். பயறு வேரில் இருப்பதை வேர்முடிச்சு என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஆங்கிலத்தில் அதற்கும் இதே நாடியூல்தான். ஆக முடிச்சு, பல இருந்து சுரப்பியும் வீங்கினால் பன்முடிச்சுக் கழலை.

‘செல்லாய்வு’ பார்க்கச் செல்லாத ஆய்வு மாதிரி இருக்கிறது. இந்தச் சோதனை முடிவைத் தரம் பிரிக்கும் பெதஸ்டா முறையின் 6 வகைகளில் முதலாவதே ‘செல்கள் போதவில்லை, மறுபடி எடு’ என்பதுதான், வேண்டுமானால் அதற்கு இந்தப் பெயரை வைக்கலாம். ‘நுண்ணூசி உயிரணு ஆய்வு’ என் ஓட்டு. நீளம்தான்.

—

சரி தம்பி, இரண்டையும் ஏற்றிவிட்டேன். அத்தைக்கு முடிவு பெதஸ்டா 2, தீங்கில்லாதது. கட்டி இல்லை அத்தை, முடிச்சு என்றேன். “உங்க மாமா போட்ட மூணு பத்தாதா, இது நாலாவதா?” என்கிறார்.