புதுப்பிப்பு: இரை எடுக்காமல் கண்ணாடியில் தொங்கிய செம்முழங்கால் டரான்டுலா சிலந்தி

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: மதுரை மே மாத வெக்கையில், மெக்சிகோ செம்முழங்கால் டரான்டுலா இரையும் எடுக்காமல், மண்ணில் காலும் வைக்காமல் கண்ணாடியிலேயே தொங்குகிறது.

பலித்தது 'ஈரத்தைக் குறை' என்பதுதான். தென்னைநார்த் தூளை உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து, அழுத்திப் போட்டதும் கீழே இறங்கிவிட்டது. தூளுக்கும் மூடிக்கும் இடைவெளி அதன் கால்விரிப்பில் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழியும். தண்ணீர் தெளிக்க வேண்டாம், சின்னக் கிண்ணம் போதும். அதில் ஸ்பான்ஞ் போடும் யோசனையைத் தவிர்த்தேன். அழுக்கு சேர்ந்து நாறும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் ஆகாது.

எதிர்பாராதது, இரை எடுக்காததற்குக் காரணம் வேறு: தோலுரிப்பு. வயிற்றின் வழுக்கைப் பகுதி கறுத்து, பிறகு மல்லாந்து படுத்தது. செத்துவிட்டதென்று தொடாதீர்கள். செத்தது பெரும்பாலும் கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு குப்புறத்தான் கிடக்கும். மிச்சமுள்ள சுவர்க்கோழியை உடனே எடுத்துவிடுங்கள், இளந்தோலைக் கடித்துவிடும். விஷப்பல் வெள்ளையிலிருந்து சிவந்து, முழுக்கக் கறுத்த பிறகே அடுத்த இரை. வீட்டுக் கரப்பான் வேண்டவே வேண்டாம். மருந்து சாக்பீஸ் கோடு இழுக்காத அடுப்படி எங்கே இருக்கிறது?

வாங்கப்போகிறவர்களுக்கு: இது சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள்.