பழைய காருக்குப் புது பேட்டரி: வாங்கறதுக்கு முன்னாடியும் மாட்டும்போதும் பாக்க வேண்டியது

(பழைய கார் வெச்சிருக்கறவங்க ஆளாளுக்குச் சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் மேல இருக்கறது அவங்க ஊரும் வண்டியும்.)

பொள்ளாச்சி, பிரீமியர் பத்மினி

பேட்டரி போயிருச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியில காலையில அளந்தா 12.6 வோல்ட் இருக்கோணும். 12.2 காட்டினா சார்ஜ் பாதிதான் இருக்குது. முழுசா ஏத்திட்டு மறுபடி பாருங்க. அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க இக்னிஷன் காயிலுக்கு வர்ற வயரைக் கழட்டிட்டு ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருத்தர் பேட்டரி முனையில அளக்கட்டும். சார்ஜ் ஏத்தின பேட்டரி 9.6-க்குக் கீழ இறங்கினா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இறங்காம நின்னும் செல்ஃப் முக்கி முக்கிச் சுத்துதுன்னா எர்த் பட்டையை, அதாவது பேட்டரி முனையை பாடியோடயும் இன்ஜினோடயும் சேர்க்கற பட்டையைப் பாருங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரியோட எர்த் முனையில, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்குல. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா, நடுவுல எங்கியோ துருவோ லூஸோ இருக்குது. பட்டையை மாத்தி, அது உக்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேச்சாத் தீர்ற வேலைக்கு நெறையப் பேரு புது பேட்டரி வாங்கறாங்க. மனசு ஆறமாட்டேங்குது.

கோபி, அம்பாசிடர்

அளவைப் பத்திச் சொல்றனுங்க. ட்ரேயோட நீளம் அகலத்தை மட்டும் அளந்துட்டுப் போகாதீங்க, பானெட் சாத்தினா மேல எவ்வளவு இடம் இருக்குதுன்னும் பாக்கோணும். உயரமான பேட்டரியில பாசிட்டிவ் முனை பானெட்டுத் தகரத்துல தட்டி ஷார்ட் ஆகும்.

அடுத்தது முனையோட தடிமன். சின்ன ஜப்பான் அளவுப் பேட்டரிகள்ல முனை ஒல்லியா இருக்கும். பழைய கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ஈய வளையம் போட்டுத்தான் மாட்டோணும். ஆணி, தகரத்துண்டு செருகினா சூடேறி முனையே உருகும். ஒரே மாடல்லயே எல், ஆர்னு ரெண்டு இருக்கும். பாசிட்டிவ் எந்தப் பக்கம்னு பாக்காம வாங்கினா வயர் எட்டாது.

கோயமுத்தூர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு

பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது பழைய டைனமோவா, ஆல்டர்னேட்டராங்கறதுதான் பேட்டரி வகையையே முடிவு பண்ணும். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் குடுக்கும், அதுவும் வண்டி ஓடும்போது. அவினாசி ரோட்டுல சிக்னலுக்குச் சிக்னல் நிக்கறப்ப ஐட்லிங்ல ஒண்ணுமே வராது. 45 வாட் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர், காயில் மூணு நாலு, பின் லைட்டு தனி. ஹாலஜன் மாட்டினா ஹெட்லைட்டே 9, 10 ஆம்பியர் தின்னும். இந்தக் கணக்குல ராத்திரி டவுனுக்குள்ள ஓட்டறவங்களுக்கு பேட்டரி அரைகுறை சார்ஜ்லயே கிடக்கும், உள்ள இருக்கற ஈயத் தட்டுல சல்பேட் படிஞ்சு கெடும். பெரிய பேட்டரி போட்டா செல்ஃப் எரிஞ்சுரும்னு சொல்றது தப்புங்க. செல்ஃப் தனக்கு வேண்டிய கரண்ட்டைத்தான் இழுக்கும். ஆனா பெரிசு ஒரு தடவை முழுசா இறங்கிட்டா டைனமோவால ஏத்தி முடியாது, வெளிய சார்ஜர்லதான் போடோணும்.

பழைய கட்அவுட் (டைனமோ வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் பெட்டி) உள்ள வண்டிக்கு மூடி திறந்து தண்ணி ஊத்தற பேட்டரியே என் தேர்வு. கான்டாக்ட் தேஞ்ச கட்அவுட் 15 வோல்ட்டைத் தாண்டி விடும். சீல் வெச்ச பேட்டரியில ஆவியாப் போன தண்ணியைத் திரும்ப ஊத்த வழியில்லை. ஆல்டர்னேட்டர் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரைக்கும் நிக்குதுன்னா சீல் வெச்சது தாராளமாப் போடலாம்.

திருப்பூர்

ஏனுங்க, டீசல் அம்பாசிடருக்கும் பெட்ரோல் அளவே போதுமுங்களா?

கோபி, அம்பாசிடர்

பத்தாதுங்க. டீசல் இன்ஜின் கம்ப்ரஷன் விகிதம் 20-க்கு மேல, சுத்தறதுக்கு செல்ஃபுக்கு அதிக பலம் வேணும், ஹீட்டர் பிளக்கும் கரண்ட் எடுக்கும். பெட்ரோலுக்கு 50, 60 ஆம்பியர் ஹவர் ஓடும். டீசலுக்கு 75-க்குக் குறையாமப் பாருங்க. ஊட்டிக் குளிர்ல காலையில எடுக்கற வண்டின்னா இது இன்னும் முக்கியம்.

தாராபுரம்

தண்ணி விஷயம். நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா சிறுவாணித் தண்ணி இனிப்பாச்சேன்னு ஊத்தறவங்க இருக்காங்க. கூடவே கூடாது, எந்தக் குடிதண்ணியிலயும் தாதுக்கள் உண்டு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தட்டுக்கு மேல ஒரு சென்டிமீட்டர். ஆசிட் சேர்க்காதீங்க, ஆவியாகிறது தண்ணிதான். சித்திரை வெயில்ல பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத் திறந்து பாக்கோணும்.

கடையில தயாரிப்புத் தேதியையும் கேளுங்க. ஆறு மாசத்துக்கு மேல அலமாரியில இருந்ததுன்னா வேண்டாம். புதுசையும் மாட்டறதுக்கு முன்னாடி 50 ஆம்பியர் ஹவருக்கு 5 ஆம்பியர் கணக்குல முழுசா சார்ஜ் ஏத்துங்க.

கோயமுத்தூர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு

லேண்ட்மாஸ்டர் (அம்பாசிடருக்கு முந்தின இந்துஸ்தான் கார்) வெச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. அது பாசிட்டிவ் எர்த், அதாவது பாடிக்குப் போறது பாசிட்டிவ் முனை. 1960-களோட நடு வரைக்கும் வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு போட்டோ எடுத்து வையுங்க. வயர் நிறத்தை நம்பாதீங்க, யாராவது மாத்தியிருப்பாங்க. 'நெகட்டிவை முதல்ல கழட்டு'ங்கற பாடம் இங்க செல்லாது: எந்த வண்டியா இருந்தாலும் எர்த் முதல்ல கழட்டோணும், கடைசியா மாட்டோணும். மாத்தி மாட்டினா ஸ்பேனர் பாடியில பட்டு ஷார்ட் ஆகும்.