டொமினிக்கா: நங்கூரம் நகர்கிறது, படகை விட்டுவிட்டு மலையேறப் போகலாமா?

கேள்வி: அலைவாய்

வணக்கம். நானும் என் கணவரும் 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகிலேயே குடியிருந்து, கரிபியன் தீவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். குவாதலூப்பைச் சேர்ந்த லே சேந்த் தீவுகளிலிருந்து தெற்கே இறங்கி, டொமினிக்காவின் வடமேற்கில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட் விரிகுடாவில், போர்ட்ஸ்மவுத் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டிருக்கிறோம். (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, நான் கேட்பது மார்ட்டினிக்கிற்கும் குவாதலூப்பிற்கும் நடுவில் உள்ள மலைத்தீவைப் பற்றி.)

பகலில் படகு அசையாமல் நிற்கிறது. இரவில் மலைச்சரிவிலிருந்து காற்று திடீரென்று பாய்ந்து வருகிறது, சிறிது நேரத்தில் முற்றிலும் அடங்கிவிடுகிறது, பிறகு வேறொரு திசையிலிருந்து மீண்டும் வருகிறது. நேற்றிரவு நங்கூரக் காவலுக்கு வைத்திருந்த ஜிபிஎஸ் அலாரம் ஒலித்தது. நீரின் ஆழம் 6 மீட்டர், விட்டிருக்கும் சங்கிலி 30 மீட்டர், நங்கூரம் கலப்பை வடிவிலானது. சுற்றிலும் படகுகள் நெருக்கமாக நிற்பதால் இதற்கு மேல் சங்கிலி விட இடமில்லை.

இந்தத் தீவுக்கு வந்ததே உள்ளே இருக்கும் மலைகளைப் பார்ப்பதற்காகத்தான். கொதிக்கும் ஏரிக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. ஆனால் ஒரு பகல் முழுவதும் ஆளில்லாத படகை இந்த நிலையில் விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது நல்லது?

பதில்: தென்கொண்டல்

வணக்கம் சகோதரி. நங்கூரம் உண்மையிலேயே இழுபட்டதா, அல்லது காற்றின் திசை மாறியதால் படகு தன் வட்டத்திற்குள் சுற்றி வந்ததா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். 30 மீட்டர் சங்கிலியும் 12 மீட்டர் படகும் சேர்ந்தால், காற்று நேர் எதிராக மாறும்போது படகு 80 மீட்டர் தள்ளிப் போய் நிற்பதும் இயல்பே. அலாரம் வைத்திருக்கும் கருவியில் இரவு முழுவதற்குமான தடத்தைப் பாருங்கள். தடம் ஒரே மையத்தைச் சுற்றிய வில்லாக இருந்தால் கவலை வேண்டாம். மையமே மேற்கு நோக்கி நகர்ந்திருந்தால் நங்கூரம் பிடிப்பை இழந்திருக்கிறது. காலை வெளிச்சத்தில் நீச்சல் கண்ணாடி அணிந்து மூழ்கி, நங்கூரத்தை நேரில் பார்த்துவிடுவது எல்லாவற்றையும்விட நம்பகமானது.

அலைவாய்

இப்போதுதான் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தேன். நங்கூரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நுனியில் கடற்புல் கொத்தாகச் சிக்கியிருக்கிறது, பின்னால் மணலில் நீண்ட கீறல் தெரிகிறது. தடத்திலும் மையம் நகர்ந்திருக்கிறது.

பதில்: தென்கொண்டல்

அப்படியானால் ஐயமில்லை. இந்த விரிகுடாவின் அடித்தளம் மணல்தான், ஆனால் இடையிடையே கடற்புல் திட்டுகள் உண்டு. கலப்பை நங்கூரம் புல்லின் வேர்ப் பின்னலைக் கிழித்து உள்ளே இறங்காமல் மேலோடு மேலாக மாட்டிக்கொள்ளும். எஞ்சினைப் பின்னோக்கி இயக்கிச் சோதிக்கும்போதுகூடப் பிடித்துவிட்டதாகவே தோன்றும். பிறகு இரவில் காற்று அடங்கிப் படகு திரும்பி, அடுத்த வீச்சு வேறு பக்கத்திலிருந்து இழுக்கும்போது புல்லோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சங்கிலியின் அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 6 மீட்டர் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து உங்கள் படகின் அணியம் (முன்முனை) இருக்கும் உயரத்தையும் கூட்ட வேண்டும். அதை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7.2 மீட்டர். அமைதியான நாளுக்கு அதன் 5 மடங்கு, அதாவது 36 மீட்டர் சங்கிலி தேவை. மலைக்காற்று இறங்கும் இரவுக்கு 7 மடங்கு, ஏறத்தாழ 50 மீட்டர். அதற்கு இடமில்லை என்கிறீர்கள். இடம் மாறி வெறும் மணலில் நங்கூரத்தை மீண்டும் இறக்கலாம். படகில் ஆள் இருக்கும்வரை அது போதும். ஆனால் ஒரு நாள் முழுவதும் தீவின் மறுகோடிக்குப் போகிறீர்கள் என்றால், நங்கூரத்திற்குப் பதிலாக, கடலடியில் நிலையாகப் பிணைத்த மிதவையில் படகைக் கட்டுவதைத்தான் பரிந்துரைப்பேன். இங்கு வீசுவது கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று, விரிகுடாவோ மேற்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. கழன்ற படகு கரையில் மோதாது என்பது உண்மைதான், ஆனால் யாரும் கவனிக்காவிட்டால் நேராகத் திறந்த கடலுக்குப் போய்விடும்.

போர்ட்ஸ்மவுத்தில் உள்ளூர்ப் படகோட்டிகள் சேர்ந்து நடத்தும் 'பேஸ்' என்ற படகுப் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. மிதவைகளைப் பராமரிப்பதும் இரவுக் காவல் சுற்றுவதும் அவர்களே. படகு வானொலியில் (விஎச்எஃப்) சேனல் 16இல் அழைத்தால் வருவார்கள். ஓர் ஊரே முன்வந்து தன் விரிகுடாவைக் காத்துக்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் முழுவதும் தகும்.

மிதவையில் கட்டிய பிறகும் ஒருமுறை மூழ்கி, அடியில் உள்ள கயிறும் வளையமும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கயிற்றை இடப்பக்கக் கட்டையிலிருந்து மிதவையின் வளையத்திற்குள் விட்டு வலப்பக்கக் கட்டையில் கட்டாதீர்கள். படகு ஆடும் ஒவ்வொரு முறையும் அது வளையத்தில் உரசி உரசி அறுந்துவிடும். இரண்டு தனிக் கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றும் புறப்பட்ட பக்கத்திற்கே திரும்பி வருமாறு கட்டுங்கள்.

பதில்: மலைப்பாதை

தென்கொண்டல் ஐயா சொன்னவற்றோடு கரைப் பயணத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சிலர் கொதிக்கும் ஏரிக்கு அருகில் இருக்கட்டும் என்று படகைத் தலைநகர் ரோசோவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால் நங்கூரமிடுவது இன்னும் கடினம். படகைப் போர்ட்ஸ்மவுத்திலேயே விட்டுவிட்டு மேற்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் போவதே மேல்.

முதல் நாளே ஏரிக்குப் போகாதீர்கள். விரிகுடாவின் வடமுனையில் உள்ள கேப்ரிட்ஸ் குன்றுக்குப் போங்கள். அங்கே 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய ஷெர்லி கோட்டை இருக்கிறது. 1802இல் 8ஆவது மேற்கிந்தியப் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் கிளர்ந்தெழுந்தது அந்தக் கோட்டையில்தான். அதைப் பார்ப்பதற்காகவே போகலாம் என்றாலும், உங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. கோட்டையில் நின்றால் விரிகுடா கீழே விரிந்து கிடக்கும். ஆளில்லாத உங்கள் படகு மிதவையில் எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து இந்தியன் நதி. ஊரை ஒட்டியே கடலில் கலக்கிறது. அதில் எஞ்சின் ஓட்ட அனுமதியில்லை. வழிகாட்டியே துடுப்புப் போட்டு அழைத்துப் போவார். விடியற்காலையில் போனால், நீருக்குள் மடிப்பு மடிப்பாக இறங்கும் மரவேர்களுக்கு நடுவே பறவைகளின் குரல் மட்டுமே கேட்கும். அரை நாளில் திரும்பிவிடலாம்.

இவை இரண்டையும் முடித்து, படகின் மேல் நம்பிக்கை வந்த பிறகு ஏரிக்குப் புறப்படுங்கள். நடை லோடா கிராமத்தை அடுத்த டீட்டூ பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குகிறது. போக ஏறத்தாழ 3 மணி நேரம், வர அதே அளவு. சாலைப் பயணத்தையும் சேர்த்தால், இருட்டில் கிளம்பி அந்தி சாய்ந்து திரும்புவீர்கள். 'பாழ்நிலப் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்ற இடத்தில் கந்தக ஆவியும் கொதிநீர் ஊற்றுகளும் இருப்பதால், வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. முந்தைய நாள் மலையில் கனமழை பெய்திருந்தால் ஒத்திப்போடுங்கள். ஓடைகள் விரைவில் பெருகும். மொர்ன் ட்ருவா பிட்டோன் தேசியப் பூங்கா என்ற அந்தப் பகுதி 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

அலைவாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மிதவைக்கு மாறிவிட்டோம். மூழ்கிப் பார்த்ததில் கயிறு புதிதாக இருக்கிறது; நீங்கள் சொன்னபடியே இரண்டு கயிறுகளால் கட்டியிருக்கிறோம். நேற்று கேப்ரிட்ஸுக்குப் போய்வந்தோம், படகு அசையவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். கரைக்கு வந்துபோகும் சிறு படகான டிங்கியைக் கரையில் விட்டுச் செல்லும்போது அதற்கு என்ன பாதுகாப்பு? கிழக்குக் கரையில் உள்ள, தீவின் பழங்குடிகளான கலினாகோ மக்களின் பகுதிக்குப் படகிலேயே போக முடியுமா?

பதில்: தென்கொண்டல்

டிங்கியை எஃகுக் கம்பி வடத்தால் துறையோடு பூட்டுங்கள். எஞ்சினுக்குத் தனிப் பூட்டு. இரவில் நீரில் மிதக்க விடாமல் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

கிழக்குக் கரைக்குப் படகு வேண்டாம். அட்லாண்டிக் பேரலை நேராக வந்து அடிக்கும் பக்கம் அது, ஒதுங்க நல்ல இடமில்லை. சாலை வழியாகப் போங்கள். 1903இல் கலினாகோ மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. கோமியே மரத்தின் ஒரே அடிமரத்தைக் குடைந்து ஓடம் செய்யும் மரபு அவர்களுடையது. படகில் வாழ்பவர்கள் அவசியம் நேரில் பார்க்க வேண்டும்.

ஏரிக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு வானிலை அறிக்கையில் காற்றை மட்டும் பார்க்காமல், வடக்கிலிருந்து வரும் பேரலையையும் பாருங்கள். குளிர்கால மாதங்களில் அது முனையைச் சுற்றி விரிகுடாவுக்குள் நுழையும். அன்று எந்த மிதவையையும் நம்பி இருவரும் ஒன்றாகப் படகைவிட்டுப் போக வேண்டாம். அலை தணிந்த பிறகு போங்கள்.